ஓசையின்றி ஓடிய நீர்

"பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான்" என்று ஊதாரியைப் பற்றிச் சொல்வது எம்மவர் வழக்கு. இவ்வழக்கை முதன்முதலில் உண்டாக்கியவர் யாவராயினும், அவர் ஒரு நாளேனும் கிணற்றில் நீர் இறைத்திரார் என்பது எமது துணிபு. ஆறு பாயும் நாட்டிலே கரையில் அமர்ந்திருந்து சொன்ன சொல்லாக அஃது இருக்கலாம். யாழ்ப்பாணத்திலே பிறந்தவர் அங்ஙனம் சொல்லியிருக்க மாட்டார். அங்கே ஆறில்லை. வானம் பொழிவதைச் சுண்ணாம்புக் கற்பாறை உள்வாங்கி வைத்திருக்கும்; அதனைக் கிணறு வழியே கேட்டுப் பெறவேண்டும். அளவு மீறிக் கேட்டால் உப்புநீரே விடையாக வரும்.

எமது சிறு பிராயத்தில் ஊரில் துலா இருந்தது. துலா மிதிப்பவர் ஒருவர், பட்டை பிடித்து இறைப்பவர் ஒருவர், பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுபவர் ஒருவர் என மூவர் விடியற்காலையில் உழைத்தாற்றான் தோட்டம் நனையும். வீட்டுக் கிணற்றிலே எமக்கு வேண்டிய நீரை நாமே அள்ளினோம். ஆச்சி எதையும் வாயாற் கண்டிக்க மாட்டார். நாம் கால் கழுவுவதற்கு ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டால், மறுவாளியை எம்மையே அள்ளச் சொல்வார். கயிறு உள்ளங்கையில் எரியும்போது, நீருக்கு எடை உண்டு என்பதைக் கை தானாகக் கற்றுக்கொண்டது. குளித்த நீர் வாழைக்கும், அரிசி கழுவிய நீர் மாட்டுக்கும் போயின. அதைச் சிக்கனம் என்று எவரும் அழைத்ததில்லை. வீடு நடக்கும் முறையே அதுவாக இருந்தது.

பொதுக் குழாயடி

பிழைப்பை நாடிக் கொழும்புக்கு வந்து, அச்சகம் ஒன்றிலே அச்சுப்படி திருத்தும் வேலையில் அமர்ந்த நாம், நகரின் வடபகுதியிலே வரிசை வீடொன்றில் நெடுங்காலம் குடியிருந்தோம். நாற்பது வீடுகளுக்கு ஒரே பொதுக் குழாய். விடியுமுன் வாளிகளும் குடங்களும் பிளாஸ்ரிக் கலன்களும் நிரையாக நிற்கும். அந்நிரையிலே சண்டையும் நடக்கும்; சம்பந்தமும் பேசப்படும். தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும் அக்குழாயடியின் இரைச்சலை இப்பொழுது நினைத்தாலும் எமக்குச் சிரிப்பு வருகிறது.

ஆயினும் அங்கே ஒரு நன்மை இருந்தது. குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஒருவரும் அப்பாற் போய்விட முடியாது. நாற்பது வீட்டுக் கண்களும் அதன்மேல் இருந்தன. பிள்ளை ஒன்று விளையாட்டாக நீரைச் சிந்தினால், யாரோ ஒரு வீட்டு ஆச்சி யன்னலால் எட்டிப் பார்த்து அதட்டுவார். கிணற்றடியிலே எமது கையைக் கட்டுப்படுத்தியது நீரின் எடை. குழாயடியிலே கட்டுப்படுத்தியது பிறர் கண்.

2016 ஆம் ஆண்டு எமது வரிசை வீடுகள் அகற்றப்பட்டு, அரசாங்கத் தொடர்மாடியொன்றின் ஒன்பதாம் மாடியில் எமக்கு வீடு கிடைத்தது. பன்னிரண்டு மாடிகள்; மாடிக்கு எட்டாகத் தொண்ணூற்றாறு வீடுகள். கொழும்பிலே அரசாங்கத் தொடர்மாடி புதியதொன்றன்று. தேசிய வீடமைப்புச் சட்டம் 1954 இல் நிறைவேறியது. நாலைந்து மாடியோடு நின்ற பழைய கட்டடங்களைப் பார்த்துப் பழகிய நகரத்திலே, 2001 இல் வனாத்தமுல்லைப் பகுதியில் பதினான்கு மாடிகளோடு 'சகஸ்புர' எழுந்தது. அதன் பின்னர் வடகொழும்பிலும் கிழக்கிலும் அத்தகைய உயர்ந்த கட்டடங்கள் பல எழுந்துவிட்டன.

புதுவீடு புகுந்த அன்று எம் இல்லாள் முதலிற் செய்த காரியம், சமையலறைக் குழாயைத் திறந்து அதன் முன்னே சிறிது நேரம் சும்மா நின்றதுதான். நிரையில் நில்லாமல், வாளி தூக்காமல், கேட்டவுடன் வரும் தண்ணீர்! அப்பேற்றை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். அரைநூற்றாண்டு வாளி சுமந்த ஒரு பெண்ணின் முதுகுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அன்றோடு எடையும் போயிற்று. பிறர் கண்ணும் போயிற்று. கதவைச் சாத்திய பின் எவ்வீட்டுக் குழாய் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை அறிவார் எவருமில்லை.

ஓர் ஆறு இருமுறை உழைக்கிறது

எமது தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை 2022 ஆம் ஆண்டுதான் எமக்கு உணர்த்தியது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் நாடெங்கும் மின்வெட்டு வந்ததையும், மார்ச் மாத இறுதியில் அது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டதையும் வாசகர்கள் மறந்திரார். தரையிலே வீடுள்ளவர்களுக்கு மின்வெட்டு என்றால் இருளும் புழுக்கமும். எமக்கோ அது தாகமுமாயிற்று. மின்சாரம் நின்றால் நீரேற்றும் யந்திரம் நிற்கும். யந்திரம் நின்றால் மேலேயுள்ள தாங்கி வற்றும். மின்தூக்கியும் நின்றுவிடும். ஆகவே கீழே நிலத்தடித் தொட்டியில் நீர் இருந்தும், அதை வாளியில் மொண்டு ஒன்பது மாடி படியேற வேண்டியதாயிற்று. ஐம்பதாண்டுகளுக்குப் பின் எமது உள்ளங்கை மறுபடியும் எரிந்தது. ஆச்சியை நினைத்துக்கொண்டோம்.

எம்முடன் தங்கி உயர்தர வகுப்பிலே பௌதிகம் படிக்கும் பேத்தி, அக்காலத்தில் ஒருநாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிலப்படத்தை விரித்து எமக்கு ஒன்றைக் காட்டினாள். மலைநாட்டிலே கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் உற்பத்தியாகின்றன. அவற்றைக் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தடுத்து வைக்கின்றன. பொறியியலாளர் விமலசுரேந்திர இந்நூற்றாண்டுக்கு முன்னரே கண்ட கனவு அது. அவர் தமது திட்டத்தைப் பொறியியலாளர் முன் வாசித்தது 1918 இல்; லக்ஷபானவிலே மின்சாரம் பிறந்தது 1950 இல். அங்கே சுழலிகளைச் சுழற்றிவிட்டு இறங்கும் நீரே களனி கங்கையாகி ஓடிவந்து, அம்பத்தலையிலே சுத்திகரிக்கப்பட்டு எமது குழாய்க்கு வருகிறது. கடைசியில் அந்நீரை மேலேற்றுவதற்கும் மின்சாரம் வேண்டும்.

"அப்பப்பா, ஒரே ஆறு முதலிலே வெளிச்சம் தந்துவிட்டுப் பிறகு தண்ணீர் தருகிறது. நாங்கள் தண்ணீரை வீணாக்கினால் இரண்டையும் வீணாக்குகிறோம்" என்றாள் பேத்தி.

மழை பொய்த்தால் இவ்விரண்டும் ஒருங்கே குறைகின்றன. மலையிலே நீர்த்தேக்கம் வற்றும். மவுசாகலையின் கீழே மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் எச்சங்கள் தலைகாட்டும். மின்சாரத்துக்கு எண்ணெயும் நிலக்கரியும் கூடுதலாக எரிக்கவேண்டி வரும். அவையோ அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குபவை. கீழே களனி கங்கையின் ஓட்டம் தளரக் கடலின் உப்புநீர் ஆற்றினுள் ஏறத் தலைப்படும். மலைநாட்டுத் தோட்டத்துப் பிள்ளை கண்ணாற் காணும் அவ்வறட்சி, ஒன்பதாம் மாடிக் குழாயிலே தெரிவதில்லை.

கணக்குக்குப் பொறுப்பான நாம்

இனி எமது குற்றத்தைச் சொல்லவேண்டும். அதற்காகவே இவ்வளவும் சொல்லி வந்தோம்.

மின்கட்டணம் 2022 ஓகஸ்ற் மாதத்தில் சராசரி நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. நீர்க்கட்டணமும் கூடிற்று. வீட்டுக்கு வீடு மின்மானி இருந்தபடியால் அவரவர் மின்கட்டணத்தை அவரவர் பார்த்துக்கொண்டனர். ஆனால் மின்தூக்கி, படிக்கட்டு விளக்கு, நீரேற்றும் யந்திரம் ஆகியவற்றின் மின்சாரம் பொதுக் கணக்கு. தண்ணீருக்கோ கட்டடம் முழுவதற்கும் அப்பொழுது ஒரே மானி. வருகின்ற தொகையைத் தொண்ணூற்றாறாகப் பங்கிட்டு அறவிடும் பொறுப்பை, எழுத்தறிவுள்ள முதியவர் என்ற காரணத்தால், குடியிருப்போர் சங்கம் எம்மிடம் ஒப்படைத்திருந்தது.

தொகை ஏற ஏற முகங்கள் கறுத்தன. "நாங்கள் இருவர்தாம் இருக்கிறோம், எட்டுப்பேர் உள்ள வீட்டாரும் நாமும் ஒரே தொகையா?" என்றார் ஒருவர். "சிக்கனமாக இருந்து என்ன பயன்? நான் மிச்சம் பிடிப்பதை மற்றவன் கொட்டுகிறான்" என்றார் இன்னொருவர். அவர் கூற்றில் உண்மை உண்டு. பொதுமானி உள்ள இடத்தில் சிக்கனக்காரனின் மிச்சம் தொண்ணூற்றாறு பங்காகிவிடும். அவன் கைக்கு வருவது ஒரு பங்கே. ஊதாரியின் செலவும் அவ்வாறே பிறர் தலையிற் பரவிவிடும். ஆகவே எல்லோரும் மற்றவரைச் சந்தேகிப்பார்கள். ஒருவரும் தம் குழாயைப் பார்க்க மாட்டார்கள்.

ஆறாம் மாடியிலே ஒரு பெண்மணி இருக்கிறார். கணவரை இழந்தவர். விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளின் உடுப்புகளைத் தோய்த்து அழுத்திக் கொடுத்துச் சீவிக்கிறார். அவர் வீட்டு யன்னலிலே எந்நேரமும் ஈரத்துணி தொங்கும். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்கு அந்த யன்னலே விடையாகத் தோன்றியது. எமக்கும் அவ்வாறே தோன்றியது. சங்கக் கூட்டத்திலே நாமே எழுந்து, தொழிலுக்காக நீரைப் பாவிப்பவர் கூடுதலாகச் செலுத்துவதே நீதி என்று நீட்டி முழக்கினோம். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா சொன்னால் சரி" என்று மாத்திரம் சொல்லிவிட்டு, முதல் மாதம் எண்ணூறு ரூபாவும், அடுத்த இரு மாதங்கள் அறுநூறு ரூபா வீதமும் மேலதிகமாகக் கொண்டுவந்து தந்தார். நாமும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தோம். எமது கையெழுத்து அழகானது.

மூன்று மாதமாகியும் மொத்தத் தொகை குறையவில்லை.

கேசரித் தூள்

"அப்பப்பா, அந்த மாமி இரவிலே தோய்க்கிறவரா?" என்று ஒருநாள் பேத்தி கேட்டாள். இல்லை என்றோம். "அப்படியானால் எல்லோரும் நித்திரை கொள்ளும் நேரத்திலே தாங்கியைப் பார்ப்போமே. அப்பொழுதும் நீர் இறங்கினால், அது ஒருவருடைய பாவனையுமன்று, ஒழுக்கு."

எளிய யோசனை. எமது கூந்தல் நரைத்தும் எமக்கு அது தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு யந்திரத்தை நிறுத்திவைத்து, காவலாளரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். ஒரு மணிக்குத் தாங்கியிலே அளவுகோலை விட்டு நீர்மட்டத்தைக் குறித்தோம். நான்கு மணிக்கு மறுபடியும் பார்த்தோம். பதினெட்டுச் சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது! தாங்கியின் பரப்பு பத்துச் சதுர மீற்றர். ஆகவே ஒரு சென்ரிமீற்றருக்கு நூறு லீற்றர். மூன்று மணித்தியாலத்தில் 1,800 லீற்றர். நாளொன்றுக்கு 14,400 லீற்றர். இரவில் விழித்தெழுபவர் பாவனைக்கென்று சிறிது கழித்தாலும், மாதத்துக்கு ஏறக்குறைய 400 அலகு நீர் ஒருவருக்கும் உதவாமற் போய்க்கொண்டிருந்தது.

பேத்தி அத்தோடு விடவில்லை. ஆயிரம் லீற்றர் நீர் ஒரு மெற்றிக் தொன் எடை. அதைப் பன்னிரண்டு மாடிக்கு மேலே, அதாவது ஏறக்குறைய 36 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற, யந்திரத்திலே வீணாவதையும் சேர்த்தால் 0.2 அலகு மின்சாரம் வேண்டும். ஆகவே மாதம் 80 அலகு மின்சாரத்தைக் கொடுத்து, 400 தொன் நீரை வானத்துக்குத் தூக்கி, அங்கிருந்து நேரே சாக்கடைக்கு இறக்கிக்கொண்டிருந்தோம்.

ஒழுக்கு எங்கே? சொட்டும் குழாய் கண்ணுக்குத் தெரியும். ஆகவே முதலில் அதைப் பற்றியே எல்லோரும் பேசினர். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயின் கீழே 750 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றை வைத்துப் பார்த்தோம். ஐம்பது நிமிடத்தில் நிரம்பிற்று. நாளொன்றுக்கு இருபத்தொரு லீற்றருக்கு மேல். சிறிதன்று, ஆயினும் 14,400 லீற்றருக்கு இது விடையாகாது.

கழிவறையிலே கைப்பிடியை அழுத்தினால் நீர் பாயும் தொட்டி இருக்கிறதே, அதன் அடியிலுள்ள இறப்பர் மூடி காலப்போக்கில் தேய்ந்து வளையும். அப்பொழுது நீர் பீங்கானின் ஓரமாகப் படிந்து மெல்லிய படலமாக இறங்கும். ஓசையில்லை, சொட்டில்லை, கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. இதைச் சோதிக்க ஒரு வழியுண்டு. தொட்டி நீரில் நிறத்தூள் சிறிது கலந்துவிட்டு, அரை மணி நேரம் கைப்பிடியைத் தொடாதிருக்க வேண்டும். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் மூடி ஒழுகுகிறது. நிறத்துக்கு எம் வீட்டுச் சமையலறையில் கேசரித் தூள் இருந்தது.

"வீடு வீடாகப் போகவேண்டும். எங்கே தொடங்குவது?" என்று கேட்டோம்.

"கணக்கு வைத்திருப்பவர் வீட்டிலேயே தொடங்குவோம்" என்றாள் பேத்தி.

பத்து நிமிடங்கூடச் செல்லவில்லை. எமது பீங்கானின் அடியிலே செம்மஞ்சள் நிறம் படர்ந்தது. தொட்டிக்கு வரும் குழாயைப் பூட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். ஒன்பது லீற்றர்த் தொட்டி அரை மணி நேரத்தில் வெறுமையாயிற்று. அப்படியாயின் நாளொன்றுக்கு 432 லீற்றர். மாதமொன்றுக்குப் பதின்மூன்று அலகு. ஒரு சிறு குடும்பம் ஒரு மாதம் புழங்கத்தக்க நீர் அது. எமது கழிவறைக்குள்ளே இன்னொரு குடும்பத்தைக் குடிவைத்து, அதற்குரிய கட்டணத்தை ஆறாம் மாடி விதவையிடம் அறவிட்டிருக்கிறோம்!

அன்று முழுவதும் எம்மால் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அடுத்த இரு வாரங்களில் தொண்ணூற்றாறு வீடுகளிலும் சோதித்தபோது, எமதையும் சேர்த்துப் பதினேழு வீடுகளில் நிறம் படர்ந்தது. ஆறாம் மாடிப் பெண்மணியின் வீட்டுப் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அவரிடம் கற்றவை

பணத்தை ஓர் உறையிலிட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். சொல்லவேண்டியதை வழியெல்லாம் மனத்திலே திருத்தித் திருத்தி வைத்திருந்தோம். அச்சுப்படி திருத்திய பழக்கம். அவர் முன்னே நின்றபோது, "பிள்ளை, பிழை எங்களுடையது" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர் உறையைப் பிரித்து, நோட்டுகளை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

"ஐயா, இதில் இருநூறு ரூபா குறையுதே. முதல் மாதம் எண்ணூறு வாங்கினீர்கள்" என்றார்.

உண்மைதான். மூன்று மாதத்துக்கும் அறுநூறு என்றே கணக்கிட்டிருந்தோம். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அவர் எம்மை மன்னித்ததாகச் சொல்லவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னார். தேநீர் வந்தது. உள்ளே மேசையில் படித்துக்கொண்டிருந்த அவர் மகன் கணித வகுப்பை இரண்டு மாதம் நிறுத்தியிருந்ததைப் பேச்சோடு பேச்சாகத்தான் அறிந்தோம். அதற்கு எம்மிடம் திருப்பிக் கொடுக்கும் உறை எதுவுமில்லை. பேத்தி அதன்பின் வாரம் இருமுறை அப்பையனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகிறாள்.

தேநீரைக் குடித்தபடியே அவர் வேலை செய்யும் முறையைப் பார்த்தோம். குழாயின் கீழே துணி தோய்ப்பதில்லை. மூன்று பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. முதலாவதிலே சவர்க்காரம், இரண்டாவதும் மூன்றாவதும் அலசுவதற்கு. ஒரு தொகுதி முடிந்தவுடன் மூன்றாவது பாத்திரத்து நீர் அடுத்த தொகுதிக்கு இரண்டாவதாகும், இரண்டாவது முதலாவதாகும். கடைசியில் எஞ்சிய சவர்க்கார நீரை வாளியிலே சேர்த்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றுகிறார். மிச்சத்தால் படிக்கட்டைக் கழுவுகிறார். ஆறாம் மாடிப் படிக்கட்டு மாத்திரம் எப்பொழுதும் துப்புரவாக இருந்ததன் காரணம் அன்று விளங்கிற்று.

மின்சாரத்திலும் அவ்வாறே. ஈரம் சிறிது எஞ்சியிருக்கும்போதே துணிகளை எடுத்து மடித்து வைத்து, நாளுக்கு ஒரே தடவையில் எல்லாவற்றையும் அழுத்துகிறார். தடித்த துணிகள் முதலில், மெல்லியவை பின்னர், மின்னழுத்தியை நிறுத்திய பின் எஞ்சிய சூட்டிலே கைக்குட்டைகள். அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் உயரும் என்பதை அறிந்து, மாத நடுவிலே மின்மானியைப் பார்த்துச் சுவர் நாட்காட்டியிலே குறித்து வைக்கிறார். கட்டடத்திலேயே கைதேர்ந்த சிக்கனக்காரருக்கு நாம் அபராதம் விதித்திருந்தோம். அவர் யன்னலிலே தொங்கிய ஈரத்துணி கண்ணுக்குத் தெரிந்தது. எமது பீங்கானில் இறங்கிய நீர் தெரியவில்லை. குற்றம் சாட்டுவதற்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

சுவரிலே ஒரு கரும்பலகை

பதினேழு வீட்டு இறப்பர் மூடிகளையும் மாற்றினோம். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாவோடு முடிந்த காரியம். தாங்கி நிரம்பி வழிவதைத் தடுக்கும் மிதவையும் பழுதாகியிருந்தது, அதனையும் திருத்துவித்தோம். மறுபடி இரவிலே அளந்தபோது மூன்று மணித்தியாலத்தில் நான்கு சென்ரிமீற்றரே இறங்கிற்று. நீரேற்றும் யந்திரத்தை மாலை ஆறரை தொடக்கம் இரவு பத்தரை வரை ஓட்டுவதில்லை என்றும் தீர்மானித்தோம். நாடு முழுவதும் விளக்கும் அடுப்பும் தொலைக்காட்சியும் ஒருங்கே மின்சாரம் கேட்கும் நேரம் அது. பிற்பகலிலேயே தாங்கியை நிரப்பி வைத்தால் எவருக்கும் குறைவில்லை.

கீழ்த்தளத்துச் சுவரிலே ஒரு கரும்பலகை மாட்டினோம். மாதந்தோறும் கட்டடம் பாவித்த நீரும் பொது மின்சாரமும் எத்தனை அலகு, சென்ற மாதத்தைவிடக் கூடிற்றா குறைந்ததா என்பவற்றை அதில் வெண்கட்டியால் எழுதுகிறோம். வீட்டுப் பெயர் ஒன்றும் எழுதுவதில்லை. அதில் ஒருமுறை சூடுபட்டோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அதை வாசிக்கின்றனர். பழைய குழாயடியிலே நாற்பது வீட்டுக் கண்கள் செய்த வேலையை இப்பலகை ஓரளவுக்குச் செய்கிறது. பின்னர் வீட்டுக்கு வீடு நீர்மானி வைக்கும் ஏற்பாடும் தொடங்கிற்று. அது நல்லதே. ஆயினும் மானி வந்தாலும், மொட்டை மாடித் தாங்கியும் யந்திரமும் படிக்கட்டு விளக்கும் எவர் வீட்டுக்குள்ளும் அடங்கா. மாடிவீட்டு உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டுச் சட்டமே அத்தகைய பொதுப் பாகங்களை உரிமையாளர் யாவருக்கும் கூட்டாக உரியன என்கிறது. பொது என்றால் எமக்கும் உரியது என்று கொள்ளாமல், எவருக்கும் உரியதன்று எனக் கொள்வதே எம்மிடமுள்ள நோய்.

மாணவர்கள் வீட்டிலே செய்து பார்க்கத்தக்க ஒரு கணக்கையும் பேத்தி சார்பிற் சொல்லி வைக்கிறோம். ஆயிரம் லீற்றர் நீரைப் பன்னிரண்டு மாடி ஏற்றும் 0.2 அலகு மின்சாரத்தால், கேத்திலிலே இரண்டு லீற்றரைச் சற்று விஞ்சிய நீரைத்தான் கொதிக்க வைக்கலாம். தூக்குவதைவிடச் சூடாக்குவதற்கே மின்சாரம் பெரிதும் செலவாகிறது. ஆகவே இரண்டு கோப்பைத் தேநீருக்குக் கேத்திலை முழுவதும் நிரப்பும் வீட்டார், நீரை வீணாக்காவிட்டாலும் மின்சாரத்தை வீணாக்குகின்றனர். எம் வீட்டிலே இப்பொழுது கோப்பையால் அளந்தே கேத்திலில் நீர் வார்க்கிறோம். முதல் வாரம் இல்லாள் இதைக் கருமித்தனம் என்றார். அடுத்த மாதக் கட்டணம் வந்த பின்னர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் வேறொரு முறைப்பாடு அவரிடம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாம் கழிவறைத் தொட்டியைச் சோதிக்கிறோம். அயல் வீட்டாரும் அதே நோக்கத்தோடு எம்மிடமே நிறத்தூள் கேட்டு வருகின்றனர். சென்ற சரஸ்வதி பூசையன்று இல்லாள் ரவையும் நெய்யும் எடுத்து வைத்துக்கொண்டு தூளைத் தேடினார். டப்பா வெறுமையாக இருந்தது. அன்று எம் வீட்டுக் கேசரி வெள்ளையாகவே படைக்கப்பட்டது. ஆறாம் மாடிப் பெண்மணி ஒரு வாய் உண்டுவிட்டு, பீங்கானைப் போலவே இருக்கிறது என்றார். அவர் எம்முடன் பரிகாசம் பேசியது அதுவே முதற்றடவை.